வாசற்படி முதல் மருந்தகம் வரை: மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற சுகாதார நிலையம்

முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வையும் அசைவையும் இழந்த ஒருவரை வீட்டிலிருந்து அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல எத்தனை பேர் வேண்டும்? எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்த ஒரு குடும்பத்தாரிடம் இதைக் கேட்டோம். "நான்கு பேர்" என்றார்கள். வாசலில் மூன்று படிகள். நாற்காலியோடு அவரைத் தூக்க நால்வர் தேவை. அந்த நால்வரும் ஒரே நாளில் தறிக்கும் வயலுக்கும் போகாமல் இருந்தால்தான் அவர் மருத்துவரைப் பார்க்க இயலும். அப்படியொரு நாள் வாய்ப்பதற்குள், சிறிய சிவப்புத் தடிப்பாகத் தொடங்கிய படுக்கைப்புண் எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகிவிட்டது. அந்த நிலையத்தில் மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே மூன்று படிகள் இருந்தன.

இவ்விதழில் அந்த மூன்று படிகளைப் பற்றியும், அவற்றைப் போலவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மற்றத் தடைகளைப் பற்றியும் விளக்க விரும்புகிறோம். ஒரு சுகாதார நிலையம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக இருப்பதென்றால் என்ன, சட்டம் என்ன சொல்கிறது, நோயாளிகளும் குடும்பத்தாரும் எதைக் கேட்டுப் பெறலாம் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

யாருக்காக இந்த ஏற்பாடு?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 11 இலட்சத்து 79 ஆயிரத்திற்கும் அதிகம். அப்போது எட்டு வகைக் குறைபாடுகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றின் குறைபாடுகளோடு தசைச்சிதைவு, மனநோய், புற உலகச் சிந்தனையின்மை, நடுக்குவாதம், தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்றவையும் அவற்றுள் அடங்கும்.

நமது பகுதியின் தொழில்களும் இதில் சேர்த்து எண்ணத்தக்கவை. நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிகளுக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும் பெயர்பெற்ற ஊர்கள். நெடுஞ்சாலை விபத்தில் கால் இழந்தோரும், தென்னை, பனை மரங்களிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டோரும், பல்லாண்டு விசைத்தறி ஓசையில் செவித்திறன் குறைந்தோரும் நம் ஊர்களில் அரியவர் அல்லர். நீரிழிவினால் பாதமோ காலோ அகற்றப்பட்டோரும், பக்கவாதத்திற்குப் பின் ஒரு பக்கம் செயலிழந்தோரும் உள்ளனர். இவர்களில் பலர் தம்மை மாற்றுத்திறனாளி என்று எண்ணிக்கொள்வதுகூட இல்லை. "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.

படியில்லாத வாசல் நிறைமாதக் கர்ப்பிணிக்கும், முழங்கால் தேய்ந்த மூதாட்டிக்கும், எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட இளைஞருக்கும் உதவும். ஒருவருக்காகச் செய்யும் மாற்றத்தால் பலர் பயன்பெறுவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியா 2007ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு மருத்துவ வசதியைப் பற்றியது. அதில் மூன்று கருத்துகள் நமக்கு முதன்மையானவை. ஒன்று, அரசு அறிவிக்கும் குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாக ஊரகப் பகுதிகளில், அருகிலேயே கட்டணமில்லா மருத்துவம் கிடைக்கச் செய்தல். இரண்டு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, பிற சுகாதார நிலையங்கள் ஆகிய அனைத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் செல்லும் வசதி. மூன்று, பார்ப்பதிலும் சிகிச்சை அளிப்பதிலும் முன்னுரிமை.

"எல்லாப் பகுதிகளுக்கும்" என்னும் சொற்கள் கருதத்தக்கவை. வாசலில் சாய்தளம் அமைத்துவிட்டு, கழிப்பறைக்கு இரண்டு படிகள் வைத்தால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறவில்லை என்றே பொருள்.

அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்கக் கோருகிறது. விதிகள் 2017 ஜூன் மாதத்தில் வெளியாயின. அந்தக் கெடு 2022இல் முடிந்தது. பார்வைக் குறைபாடுடைய இராஜீவ் இரத்தூரி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 15 அன்று பொதுக் கட்டடங்களைச் சீரமைக்கக் காலவரையறை விதித்து ஆணைகள் பிறப்பித்தது. அதே வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் வசதி குறித்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் போதாது, கட்டாயமாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவுகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே சாய்தளம் கேட்பவர் சலுகை கேட்கவில்லை. தமக்கு உரியதைக் கேட்கிறார்.

வாசலும் சாய்தளமும்

திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறுவது ஒருவர் விரும்பி ஏற்கும் வேண்டுதல். சுகாதார நிலையத்தின் படிகள் அவ்வாறானவை அல்ல. அவற்றை ஏற இயலாதவருக்கு மாற்று வழி இருந்தாக வேண்டும்.

நல்ல சாய்தளத்திற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம். வாசலில் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் இருந்தால் மொத்த உயரம் 45 செ.மீ. ஆகவே சாய்தளம் குறைந்தது 540 செ.மீ., அதாவது சுமார் 18 அடி நீளம் இருக்க வேண்டும். இடம் போதாது என்று ஆறு அடியில் அமைத்துவிட்டால் அது சறுக்குமரம் போலாகிவிடும். சக்கர நாற்காலியில் இருப்பவர் தாமே ஏற முடியாது. தள்ளுபவர் கை தவறினால் நாற்காலி பின்னோக்கி உருளும். நேராக அமைக்க இடமில்லாவிடில், நடுவே சமதளம் விட்டு வளைத்து அமைக்கலாம்.

அகலம் குறைந்தது 120 செ.மீ. வேண்டும். இரு பக்கமும் கைப்பிடிகளும், சக்கரம் நழுவாதபடி ஓரத்தில் சிறு தடுப்பும் தேவை. தளம் சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். வழவழப்பான ஓடு பதித்த சாய்தளம் ஐப்பசி மழையில் ஊன்றுகோல் ஊன்றுபவரை வீழ்த்தும். சாய்தளத்தின் அடியில் இருசக்கர வண்டிகளை நிறுத்திவைப்பது அதைக் கட்டாமல் விட்டதற்கு ஒப்பாகும். எங்கள் வளாகத்திலும் இதை நாள்தோறும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

உள்ளே இருக்கும் கதவுகளுக்கு 90 செ.மீ. திறப்பு வேண்டும். படிகளின் விளிம்பில் மஞ்சள் அல்லது வெள்ளைப் பட்டை தீட்டினால், மங்கிய பார்வை உடையவர்கள் படி எங்கே முடிகிறது என்பதை அறிவார்கள். இதற்கு ஒரு சிறிய டப்பா வண்ணம் போதும்.

காத்திருக்கும் இடம்

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உடலின் ஒரு பகுதியில் அழுத்தமோ வலியோ தெரியாது. நாம் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது நம்மையறியாமலே அசைந்துகொள்கிறோம். அவர்களால் அது இயலாது. தொடர்ந்து ஒரே இடத்தில் அழுத்தம் பட்டால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் அழியத் தொடங்கும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வது இதனால்தான். அவரையே மருத்துவருக்காக மூன்று மணி நேரம் கடினமான பலகையில் உட்காரவைத்தால், ஒரு புண்ணுக்கு மருந்து வாங்க வந்தவர் மற்றொரு புண்ணோடு வீடு திரும்புவார். சட்டம் கூறும் முன்னுரிமைக்கு மருத்துவக் காரணமும் உண்டு என்பதை வரிசையில் நிற்கும் மற்றவர்கள் உணர வேண்டுகிறோம்.

பெயரையோ எண்ணையோ கூவி அழைக்கும் முறையில், செவித்திறன் குறைந்தவர் தமது முறையைத் தவறவிடுகிறார். எண் காட்டும் பலகை வைக்கலாம். அது இல்லாத இடத்தில், சீட்டுப் பதியும்போதே "காது கேளாதவர்" என்று குறித்துக்கொண்டு, பணியாளர் அருகில் வந்து அழைத்தால் போதும். புற உலகச் சிந்தனையின்மை உள்ள குழந்தைகளுக்குக் கூட்டமும் இரைச்சலும் பெரும் துன்பம் தரும். அவர்களை முதலில் பார்ப்பதோ, கூட்டம் குறைந்த நேரத்தில் வரச் சொல்வதோ, அக்குழந்தைக்கும் தாய்க்கும் பிற நோயாளிகளுக்கும் நன்மை.

பரிசோதனை அறை

வாசலைக் கடந்து வந்தவரையும் தடுத்து நிறுத்துவது பரிசோதனைக் கட்டில். பெரும்பாலான கட்டில்கள் இடுப்பளவு உயரமானவை. சக்கர நாற்காலியின் இருக்கையோ சுமார் 45 முதல் 50 செ.மீ. உயரமே உடையது. ஏற்றி இறக்க ஆளில்லாதபோது, நாற்காலியில் அமர்ந்தபடியே மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடும் நிலை வருகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், முதுகைத் திருப்பிப் பார்க்காமல் செய்யும் பரிசோதனை முழுமையாகாது. படுக்கைப்புண் மறைந்திருக்கும் இடம் முதுகும் பிட்டமுமே. பெண்களுக்கான கருப்பைவாய்ப் பரிசோதனையும் இதே காரணத்தால் விடுபட்டுப்போகிறது. நிலையத்திற்கு ஒரு தாழ்வான கட்டிலாவது வேண்டும்; உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டில் கிடைத்தால் மிக நன்று.

எடை பார்ப்பதும் அவ்வாறே. நிற்க இயலாதவரின் எடையைப் பலர் "சுமாராக" எழுதுகிறார்கள். குழந்தைக்குரிய மருந்தின் அளவும், கர்ப்பிணியின் உடல்நிலையும், மயக்க மருந்தின் அளவும் எடையைப் பொறுத்தவை. நெல், மஞ்சள் மூட்டைகளை நிறுக்கும் தரை எடைமேடை நம் ஊர்களில் எல்லோரும் அறிந்தது. அதுபோன்று அகலமும் தாழ்வுமான எடைமேடையில் நாற்காலியோடு நோயாளியை நிறுத்து, வெற்று நாற்காலியின் எடையைக் கழித்தால் சரியான எடை கிடைத்துவிடும்.

கழிப்பறை

கழிப்பறையை வசதி என்றே பலரும் எண்ணுகிறோம். சிலருக்கு அது உயிர் காக்கும் ஏற்பாடு. முதுகெலும்பின் மார்புப் பகுதியில் 6ஆம் முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பி வழியில்லாமல் நின்றால் இரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்த்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுபவர்கள் வழக்கமாக நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும். தூய்மையான, உள்ளே நுழையக்கூடிய கழிப்பறை இல்லாத இடத்திற்கு வரும் நாளில் பலர் காலை முதல் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது.

உள்ளே நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம், 45 முதல் 48 செ.மீ. உயரமுள்ள மேற்கத்திய முறை இருக்கை, பக்கத்தில் உறுதியான பிடிகம்பி, வெளிப்புறம் திறக்கும் கதவு, கைக்கு எட்டும் தண்ணீர்க் குழாய் ஆகியவை தேவை. இவை அனைத்தும் இருந்தும், துடைப்பமும் பழைய நாற்காலிகளும் அடுக்கிப் பூட்டிவைத்த கழிப்பறையால் யாருக்கும் பயனில்லை.

சொல்லும் எழுத்தும்

தடைகள் எல்லாம் சிமெண்டால் ஆனவை அல்ல. சக்கர நாற்காலியில் தாய் அமர்ந்திருக்க, உடன் வந்த மகனைப் பார்த்து "அம்மாவுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்பதும் ஒரு தடையே. அந்த அம்மாவையே கேட்க வேண்டும். நோயாளியின் கண்களுக்கு நேராக, அவர் உயரத்திற்கு அமர்ந்து பேசுவது நன்று. பார்வையற்றவரைக் கையைப் பற்றி இழுத்துச் செல்லாமல், நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளக் கொடுத்து, "இரண்டு படி கீழே இறங்குகிறோம், ஐயா" என்று முன்னதாகச் சொல்ல வேண்டும். ஊசி போடுமுன், தொடுமுன் சொல்ல வேண்டும்.

காது கேளாதவரிடம் முகக்கவசத்தோடு உரக்கப் பேசுவதால் பயனில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு முகம் தெரிய வேண்டும். படிக்கத் தெரிந்தவருக்கு எழுதிக் காட்ட வேண்டும். நோயாளி இசைந்தால், சைகைமொழி அறிந்த ஒருவரைக் கைப்பேசியின் காணொலி அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். மருந்து உறையில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என வரைந்து தருவது எழுத்தறியாதவருக்கும் உதவும். பார்வையற்றவருக்குக் காலை மாத்திரை உறையில் ஒரு ரப்பர் பட்டையும் இரவு மாத்திரை உறையில் இரண்டு பட்டைகளும் இட்டு, கையில் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். இவற்றிற்கு அரசாணை வேண்டியதில்லை. மருந்தகப் பணியாளரின் ஒரு நிமிடம் வேண்டும்.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

நோயாளிகள் மட்டுமே சக்கர நாற்காலியில் வருவார்கள் என்று எண்ணலாகாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு நடக்கும் ஆற்றலை இழந்தார். அதன் பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தில் வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார். 1972இல் பத்மஶ்ரீ விருது பெற்றார். அவருக்கு ஏற்ற அறுவை அறையும் பாதையும் கிடைத்ததால், எண்ணற்ற நோயாளிகளுக்கு ஒரு மருத்துவர் கிடைத்தார்.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் ஊர் நிலையத்தில் தடை இருந்தால், அதைக் குறிப்பாக எழுதுங்கள். "வசதி இல்லை" என்பதைவிட "வாசலில் மூன்று படிகள் உள்ளன, சாய்தளம் இல்லை" என்பது செயலுக்கு வழிகாட்டும். நிலையத்தின் மருத்துவ அலுவலரிடமும் நோயாளர் நலச் சங்கத்திடமும் முதலில் கொடுங்கள். சிறிய மாற்றங்களைச் செய்ய அச்சங்கத்தின் நிதி பயன்படக்கூடும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மனு அளிக்கலாம். மனுவின் படியையும் அதற்குரிய ஒப்புகைச் சீட்டையும் தவறாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய அடையாள அட்டை பெறாதவர்கள் அதற்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். வர இயலாத நிலையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டிற்கே வருகின்றன. உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். ஆயினும் "வீட்டிற்கே வருகிறோமே, சாய்தளம் எதற்கு?" என்று எவரேனும் கூறினால் ஏற்க வேண்டாம். பல் சிகிச்சையும், எக்ஸ்ரேயும், பிரசவமும் வீட்டு வாசலில் நடைபெறா.

மருத்துவமனைக்கு வரும் நாளில் நோயாளியின் இருக்கைப் பஞ்சணை, சிறுநீர்க் குழாய், குடிநீர், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துவாருங்கள். காத்திருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறையாவது அவரைச் சற்றுச் சாய்த்தோ தூக்கியோ அழுத்தத்தை மாற்றுங்கள். சீட்டுப் பதியும் இடத்திலேயே அவருக்கு என்ன உதவி தேவை என்பதைச் சொல்லிவிடுங்கள். பராமரிக்கும் உங்கள் முதுகும் முக்கியம். தனியாகத் தூக்காதீர்கள், பணியாளரை அழையுங்கள்.

முதலில் குறிப்பிட்ட அந்த நோயாளியின் புண் ஆறப் பல மாதங்கள் ஆயின. இப்போது அவர் கண்ணாடியின் உதவியோடு தாமே நாள்தோறும் தோலைப் பார்த்துக்கொள்ளப் பழகியிருக்கிறார். அவருடைய குடும்பத்தார் ஊர் நிலையத்திற்குச் சாய்தளம் வேண்டி மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் படிகளின் எண்ணிக்கையையும் உயரத்தையும் அளந்து குறித்திருக்கிறார்கள். உங்கள் ஊர் நிலையத்தின் வாசலையும் ஒருமுறை அளந்து பாருங்கள். எங்கள் மருத்துவமனையில் நீங்கள் காணும் தடைகளையும் எழுதி, புறநோயாளிகள் பிரிவிலுள்ள கருத்துப் பெட்டியில் இடுங்கள். படித்துத் திருத்திக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.